டைல்ஸ் ஒட்டின பாத்ரூம் சுவர்ல கேபினட் மாட்டணும், துளை போடலாமா இல்ல பசையே போதுமா?

ஈரச்சுவர்:
எல்லாருக்கும் வணக்கம். வாஷ்பேசினுக்கு மேல கண்ணாடிக் கதவு வச்ச கேபினட் ஒண்ணு மாட்டணும். அலுமினிய பாடி, 60 செமீ உயரம், 45 அகலம், 15 ஆழம். வெறும் பெட்டியே 10 கிலோ வருது, உள்ள ஷாம்பு, சோப்பு, மருந்து டப்பா எல்லாம் அடுக்கினா இன்னொரு 8 கிலோன்னு வச்சுக்கோங்க. சுவர் முழுக்க டைல்ஸ், தரையிலருந்து சீலிங் வரைக்கும். கூடவே நாலு ஸ்க்ரூவும், ஸ்க்ரூ பிடிக்கறதுக்குத் துளைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் ப்ளக் நாலும் குடுத்திருக்காங்க, ஆனா அந்த ப்ளக் என் சுண்டுவிரல்ல பாதி கூட இல்ல. டைல்ஸ் ஒண்ணு விரிஞ்சாலும் அதே டிசைன் இனிமே கிடைக்காது, அதான் கை வைக்கவே பயமா இருக்கு. ட்ரில் மெஷின் இருக்கு, சாதா சுவர்ல துளை போட்டுப் பழக்கம்தான், டைல்ஸ்ல மட்டும் போட்டதில்ல. இப்ப வர்ற பசையெல்லாம் நல்லா பிடிக்குதுன்னு சொல்றாங்களே, அதை நம்பலாமா?

ஒட்டிட்டா_போச்சு:
சார் துளையே வேணாம். எம்எஸ் பாலிமர் பசை ஒரு ட்யூப் வாங்குங்க, டைல்ஸை நல்லா துடைச்சிட்டு ஒட்டிருங்க, அசையாது. என் வீட்ல டவல் ராடு, சோப்பு ஸ்டாண்டு, டிஷ்யூ ஹோல்டர் எல்லாமே பசைதான். துளை போட்டா தண்ணி உள்ள போகும், டைல்ஸ் விரியும், எதுக்கு வம்பு.

ரசமட்டம்:
டவல் ராடும் 18 கிலோ பெட்டியும் ஒண்ணா? அதுவும் கண்ணாடிக் கதவு, கீழ பீங்கான் பேசின். விழுந்துச்சுன்னா கேபினட் மட்டும் போகாது.

மொதல்ல சுவர் என்னன்னு சொல்லுங்க. செங்கல்லா, கான்கிரீட்டா, ஹாலோ பிளாக்கா, ஏஏசி பிளாக்கா (நுரை மாதிரி லேசான சிமெண்ட் கல்லு), இல்ல ஜிப்சம் போர்டு தடுப்பா? டைல்ஸ் ஒரு கிலோவைக் கூட தாங்காது, அது வெறும் மேல்தோல். கேபினட்டைப் பிடிச்சு நிக்கப் போறது அதுக்குப் பின்னாடி இருக்கிறதுதான். அது தெரியாம யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குல சொல்றதுதான்.

ஈரச்சுவர்:
சார் இல்ல, மேடம் :) சுவர் செங்கல்னு நினைக்கிறேன், வீடு நாங்க கட்டினது இல்ல, கட்டினதை வாங்கினோம். டைல்ஸ் வழவழன்னு இருக்கு, செராமிக்கா விட்ரிஃபைடான்னு தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரசமட்டம்:
சரிம்மா. மிச்ச டைல்ஸ் ஏதாவது பரண்ல கிடக்குதா பாருங்க. இருந்தா அதைத் திருப்பி, பின்பக்கம் ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. சட்டுனு உறிஞ்சிட்டா செராமிக், சொட்டு அப்படியே உக்காந்திருந்தா விட்ரிஃபைடு. சுவருக்குன்னே வர்ற செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கும், விட்ரிஃபைடு அரை சதவீதம் கூட குடிக்காது, அவ்வளவு இறுக்கம். அதனாலதான் சாதா பிட்டு அதுல இறங்காது.

மிச்ச டைல்ஸ் இல்லன்னா இன்னொரு வழி இருக்கு. சுவர்லருந்து வெளிய வர்ற குழாய் எதையாவது பாருங்க, அடியில வட்டமா ஒரு ஸ்டீல் மூடி சுவரை ஒட்டி இருக்கும். அதை மெதுவா முன்னாடி இழுத்தீங்கன்னா பின்னாடி டைல்ஸை வெட்டின ஓரம் தெரியும். டார்ச் அடிச்சுப் பாத்தா டைல்ஸ் எத்தனை மில்லி, உடம்பு செவப்பா வெள்ளையா சாம்பலா, அதுக்குப் பின்னாடி பசையா கலவையா, அது எவ்வளவு கனம், எல்லாமே அங்கயே தெரிஞ்சிடும். பாதிக் கேள்விக்கு பதில் அந்த மூடிக்குள்ள இருக்கு, யாரும் பாக்கறதில்ல.

பைப்லைன்:
மூடியைப் பத்தி அண்ணன் சொன்னது சரி. ஆனா எனக்கு வேற கவலை. வாஷ்பேசினுக்கு நேர் மேலன்னு சொல்றீங்க. பேசினுக்கு தண்ணி எங்கருந்து வருது? நிறைய வீட்ல மெயின் லைன் லிண்டல் உயரத்துல ஓடி, அங்கருந்து ஒவ்வொரு குழாய்க்கும் நேரா கீழ இறங்கும். அப்படின்னா நீங்க கேபினட் மாட்டப் போற எடத்துலயே சுவருக்குள்ள பைப் இருக்கலாம், ரெண்டு பைப் கூட, சுடுதண்ணி ஒண்ணு பச்சைத்தண்ணி ஒண்ணு. சுவரைக் கொத்தி ஒரு இஞ்ச் ஒன்றரை இஞ்ச் ஆழத்துலதான் பதிச்சிருப்பாங்க, உங்க ஸ்க்ரூவும் கரெக்டா அதே ஆழத்துக்குத்தான் போகும்.

ஆங்கிள் வால்வு, அதான் பேசினுக்கு அடியில சுவர்ல இருக்கிற குட்டி வால்வு, ரெண்டும் எங்க இருக்குன்னு பாருங்க, அதுக்கு நேர் மேல சாக்பீஸ்ல ஒரு கோடு கிழிங்க, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நாலஞ்சு விரக்கடை தள்ளித்தான் துளை வரணும். சுவிட்ச் போர்டுக்கும் இதே கதைதான், நேர் மேல நேர் கீழ கை வைக்கக் கூடாது, வயர் ஓடும்.

அரைகுறை_தச்சன்:
டிடெக்டர்னு ஒண்ணு இருக்கே, சுவர்ல வச்சுத் தேச்சா பீப் அடிக்குமே, அது போதாதா?

பைப்லைன்:
அதுல நிறைய மெஷின் இரும்பையும் கரண்டையும்தான் காட்டும். இப்ப பாத்ரூம்ல ஓடுறது சிபிவிசி, பிளாஸ்டிக், அதைக் காட்டாது. பீப் அடிக்கலன்னு தைரியமா துளை போட்டு பைப்பை ஓட்டை பண்ணவங்க வீட்டுக்குப் போய்ப் போய்த்தான் எனக்கு பொழப்பே ஓடுது ஹிஹி.

பிளாஸ்டிக் பைப்புக்கு ஒரு தந்திரம் சொல்றேன். சுவர் நல்லா ஜில்லுன்னு இருக்கிற காலை நேரமாப் பாத்து ஹீட்டரைப் போட்டு பேசின்ல சுடுதண்ணியைத் தொறந்து விடுங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்புறம் டைல்ஸ் மேல புறங்கையை வச்சு குறுக்கால நகத்திப் பாருங்க. பைப் ஓடுற எடம் ஒரு பட்டை மாதிரி வெதுவெதுன்னு தெரியும். பச்சைத்தண்ணி பைப் பெரும்பாலும் அதுக்குப் பக்கத்துலயே ஓடும், ஆனா இது நிச்சயம் கிடையாது, சில பேர் பைப் மிச்சம் பண்றேன்னு குறுக்கால கூட ஓட்டியிருப்பாங்க. வீடு கட்டும்போது டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்ன எடுத்த போட்டோ முந்தின ஓனர்கிட்ட இருக்கான்னு கேளுங்க, அதுக்கு ஈடா எதுவும் கிடையாது.

துளை போடுற அன்னைக்கு மெயின் வால்வை மூடிட்டு பேசின் குழாயைத் தொறந்து பைப்பை வடிச்சு வச்சிருங்க. பிட்டுல வெளிர் மஞ்சளா பிளாஸ்டிக் சுருள் வந்துச்சுன்னா அங்கயே நிறுத்துங்க.

ஈரச்சுவர்:
நல்லவேளை கேட்டேன். இன்னைக்கே ரெண்டையும் பாத்துட்டு வரேன்.

ஒட்டிட்டா_போச்சு:
பாத்தீங்களா, பைப் பயம், வயர் பயம், டைல்ஸ் பயம். இதுக்குத்தான் பசைன்னு சொன்னேன். ட்யூப் மேல சதுர செமீக்கு இத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கான், கணக்குப் போட்டா உங்க கேபினட் முதுகுக்கு ஆயிரக்கணக்குல வருது.

கணக்கு_வாத்தி:
கணக்குன்னு வந்துட்டதால நானும் வரேன். அந்த நம்பர் லேப்ல சின்னத் துண்டை ஒட்டி கொஞ்ச நேரம் இழுத்துப் பாத்தது. வருஷக்கணக்கா ஒரே எடை ஆவியிலயும் சூட்டுலயும் தொங்கிட்டே இருந்தா பசை மெல்ல மெல்ல நழுவும். அதோட அதை நேரா இழுக்கிறது வேற, ஒரு ஓரத்துலருந்து உரிக்கிறது வேற. உரிக்கிறதுக்குத்தான் எந்தப் பசையும் சுலபமா விட்டுக்குடுக்கும், கேபினட் விழறதுன்னா மேல் ஓரம்தான் மொதல்ல உரியும்.

எவ்வளவு இழுக்கும்னு பாருங்க. மொத்தம் 18 கிலோ. கதவு மூடியிருக்கும்போது எடையோட மையம் சுவர்லருந்து சுமார் 9 செமீ முன்னாடின்னு வைங்க, கண்ணாடி முன்னாடி இருக்குல்ல. கேபினட் அதோட கீழ் ஓரத்தை ஊனி முன்னாடி கவுறப் பாக்கும், மேல் ஸ்க்ரூ கீழ் ஓரத்துலருந்து 55 செமீ உயரம். 18ஐ 9ஆல பெருக்கி 55ஆல வகுத்தா சுமார் 3 கிலோ. அவ்வளவுதான் மேல் ஸ்க்ரூ ரெண்டையும் சேத்து வெளிய இழுக்கிற விசை. கதவைத் தொறந்தா? கதவு மட்டும் 4 கிலோன்னா அது 37 செமீ முன்னாடி நிக்கும், மொத்தமா போட்டா நாலரை கிலோ சொச்சம் வருது. கீழ்நோக்கி இழுக்கிற 18 கிலோ எப்பவும் இருக்கும், ஆனா அதை ஸ்க்ரூ குறுக்கால தாங்கும், ஒழுங்கா உக்காந்த ப்ளக்குக்கு அது ஒண்ணுமே இல்ல.

இதே 18 கிலோவை 30 செமீ ஆழமுள்ள தட்டுல வச்சு, அந்தத் தட்டோட பிராக்கெட் 8 செமீதான் உயரம்னா கணக்கு 34 கிலோ கிட்ட போயிடும். அதனால ஒல்லியா உயரமா இருக்கிற கேபினட் பயப்பட வேண்டிய ஜாதியே இல்ல, அகலமா நீட்டிட்டிருக்கிற குட்டி தட்டுதான் பிடுங்கிட்டு வரும்.

சும்மா_வந்தேன்:
யாராவது வழுக்கி கேபினட்டைப் பிடிச்சா?

கணக்கு_வாத்தி:
அப்ப கணக்கு மாறிடும் :) அதுக்குத்தான் கணக்குல வர்றதை விட நாலஞ்சு மடங்கு கூட வச்சுப் போடணும்கிறது. ப்ளக் செங்கல்ல நல்லா பிடிச்சிருந்தா அந்த மடங்கு தானா வந்துடும்.

ஒட்டிட்டா_போச்சு:
சரி ஒத்துக்கிறேன், கண்ணாடிக் கதவு கேபினட்டுக்கு நானும் பசை மட்டும் போட மாட்டேன். ஆனா வாடகை வீட்ல இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, ஓனர் துளை போட விடமாட்டாரே. அவங்களுக்கு லேசான பெட்டின்னா பசைதான் வழி. ஒண்ணே ஒண்ணு, பசையை வட்டமா கட்டம் கட்டிப் போடாதீங்க. இந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தை வச்சுத்தான் காயும், ஓரத்துலருந்து ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மில்லிதான் உள்ள போகும். டைல்ஸும் காத்து விடாது, அலுமினியமும் விடாது. கட்டம் கட்டிட்டா நடுவுல வாரக்கணக்கா பச்சையாவே கிடக்கும். மேலருந்து கீழ நேர் கோடா, கோட்டுக்குக் கோடு இடைவெளி விட்டுப் போடணும், காயற வரைக்கும் கீழ கட்டை முட்டுக் குடுத்து வைக்கணும்.

ரசமட்டம்:
இது உருப்படியான விஷயம் தம்பி. ஆனா வாடகை வீட்டுக்குப் பசைதான் பத்திரம்னு சொல்லாதீங்க. காலி பண்ணும்போது பசையைக் கழட்டினா டைல்ஸோட பளபளப்பும் சேந்து வரும், சில சமயம் டைல்ஸே கையோட வரும். துளையாவது அதே கலர் எப்பாக்ஸி வச்சு அடைச்சா ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா தெரியாது. ஓனர்கிட்ட வாய்விட்டுக் கேட்டுடறது நல்லது.

ஈரச்சுவர்:
பாத்துட்டேன். மூடியை இழுத்துப் பாத்தேன், டைல்ஸ் 8 மில்லி இருக்கும், உடம்பு வெள்ளை, பின்னாடி சிமெண்ட் கலவை ஒரு விரல் கனம். மிச்ச டைல்ஸ் மொட்டைமாடியில உடைஞ்ச துண்டு ஒண்ணு கிடைச்சது, தண்ணி விட்டா உடனே குடிச்சிருச்சு, அப்ப செராமிக்தானே? சுடுதண்ணி பட்டை பேசினுக்கு இடது பக்கம் நல்லாவே தெரிஞ்சது, ஆங்கிள் வால்வுக்கு நேர் மேல. டேப்பு ஒட்டி குறிச்சு வச்சிட்டேன். கேபினட்டோட இடது ரெண்டு ஓட்டையும் அந்தப் பட்டை மேலயே வந்து உக்காருது, அதான் இப்ப சிக்கல்.

பைப்லைன்:
கேபினட்டை ஒரு சாண் வலது பக்கம் தள்ள முடியுமா? பேசினுக்கு நடுவுல வரணும்னு சட்டம் இல்ல.

ஈரச்சுவர்:
கண்ணாடி நடுவுல இல்லன்னா வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.

ரசமட்டம்:
அப்ப கேபினட் ஓட்டையை மறந்துடுங்க. ஹேங்கிங் ரெயில் வாங்குங்க, இல்ல அலுமினியப் பட்டை ஒண்ணு. சுவர்ல ஒரு ரெயில், கேபினட் முதுகுல அதுக்கு ஜோடி, ஒண்ணு மேல ஒண்ணு கொக்கி போட்டு உக்காரும். ரெயில்ல எந்த எடத்துல வேணா ஸ்க்ரூ போடலாம், பைப் இருக்கிற எடத்தைத் தாண்டி நடுவுல ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு, இடது ஓரத்துல பைப்புக்கு அந்தப் பக்கம் எடம் இருந்தா ஒண்ணு. முதுகுத் தகடு மெல்லிசா இருந்தா உள் பக்கம் இன்னொரு பட்டை வச்சு போல்ட் போடணும், வெறும் தகட்டுல ஸ்க்ரூ நிக்காது. இன்னொரு லாபம் என்னன்னா ரெயில் ஒண்ணை மட்டும் லெவல் பாத்தா போதும், கனமான பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டையைத் தேட வேண்டியதில்ல, ஒத்த ஆளே மாட்டிரலாம்.

லெவலுக்கு டைல்ஸ் கோட்டை நம்பாதீங்க. கோடு ஒரு மில்லி ரெண்டு மில்லி ஓடியிருக்கும். ரசமட்டம் வச்சுத்தான் பாக்கணும் (பேர்லயே இருக்கு, என்ன பண்றது).

அரைகுறை_தச்சன்:
டைல்ஸ் விரியும்னு பயம்னா ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல கிரவுட்ல துளை போட்டா என்ன? கிரவுட் மெத்துனு இறங்கும், அப்புறமா அடைச்சுக்கலாம். நான் எங்கயோ படிச்சேன்.

ரசமட்டம்:
படிச்சது சரி, கிரவுட் அகலமா விட்டிருந்தா. நீங்க உங்க பாத்ரூம்ல அளந்து பாருங்க, ரெண்டு மூணு மில்லிக்கு மேல இருக்காது. 8 மில்லி பிட்டு அதுல எங்க இறங்கும்? ரெண்டு பக்க டைல்ஸ் ஓரத்தையும் கடிச்சிட்டுத்தான் இறங்கும், ஓரம்தான் டைல்ஸுக்கு பலவீனம். ஒரு டைல்ஸ் போறதுக்கு பதிலா ரெண்டு போகும், நாலு மூலை கூடுற எடம்னா நாலு. ஓரத்துலருந்து குறைஞ்சது ரெண்டு மூணு செமீ உள்ள தள்ளிப் போடுங்க.

இன்னொண்ணு, போடுறதுக்கு முன்ன விரல் கணுவால தட்டிப் பாருங்க. இறுகலா சத்தம் வந்தா பின்னாடி கலவை இருக்கு. காலி டப்பாவைத் தட்டுற மாதிரி கேட்டா அங்க வெத்து, கலவை சரியாப் படலன்னு அர்த்தம். அந்த எடத்துல துளை போட்டா டைல்ஸுக்குப் பின்னாடி தாங்க ஒண்ணும் இருக்காது, ஸ்க்ரூவை முறுக்கினதும் உள்பக்கமா வளைஞ்சு விரியும். அஞ்சு ரூவா காயின் வச்சுத் தட்டினா இன்னும் தெளிவாக் கேக்கும்.

ஈரச்சுவர்:
தட்டிப் பாத்தேன், ஒரு டைல்ஸ்ல மூலையில மட்டும் வெத்து. அதை விட்டுட்டேன். இப்ப துளை எப்படி ஆரம்பிக்கிறது, பிட்டு வழுக்கிட்டு ஓடுமே?

ரசமட்டம்:
செராமிக்தானே, அப்ப ஈட்டி முனை டைல்ஸ் பிட்டு போதும், டைமண்ட் கூட வேணாம். ஹேமரை ஆஃப் பண்ணுங்க, மெஷின்ல சுத்தியல் படம் இருக்கிற பட்டன் அதுதான். குறி வச்ச எடத்துல மாஸ்கிங் டேப்பை ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா ஒட்டுங்க, பிட்டு வழுக்காது. ரொம்ப மெதுவா ஆரம்பிங்க, கையால சுத்துற வேகம்னு நினைச்சுக்கோங்க, மேல் பூச்சுல ஒரு புள்ளி விழுந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டலாம், கையை அழுத்தக் கூடாது. டைல்ஸ் முடிஞ்சு கலவையில இறங்கும்போது மெஷின் சட்டுனு லேசாகும், அதை உணர்றதுக்குத்தான் அழுத்தாம இருக்கச் சொல்றேன், அழுத்திட்டிருந்தா பிட்டு குபுக்னு உள்ள பாஞ்சு மெஷின் மூக்கு டைல்ஸை இடிக்கும்.

டைல்ஸ் தாண்டினதும் பிட்டை மாத்துங்க. சுவர் பிட்டு போட்டு உள்ள போங்க. நான் டைல்ஸ்ல 10 மில்லியும் உள்ள 8 மில்லியும் போடுவேன், அப்ப ப்ளக் டைல்ஸைத் தொடவே தொடாது. செங்கலுக்கு ஹேமர் தேவையில்ல, கான்கிரீட் வந்தா மட்டும் போடுங்க.

விட்ரிஃபைடு வச்சிருக்கிறவங்களுக்கு: டைமண்ட் பிட்டு, குழாய் மாதிரி உள்ள பொந்தா இருக்கும். நேரா வச்சா சறுக்கும், சாய்ச்சு வச்சு பிறை நிலா மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் மெதுவா நிமித்தணும். தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா சூட்டுல முனை தேஞ்சு போகும். ஸ்பாஞ்சை நனைச்சுப் பக்கத்துல பிடிக்க இன்னொரு ஆள் வச்சுக்கோங்க. தண்ணியை மெஷின் மேல அடிச்சிராதீங்க, கரண்டு மெஷின்னா ஷாக் அடிக்கும், பேட்டரி மெஷின் பத்திரம். கண்ணுக்குக் கண்ணாடி ரெண்டுக்குமே கட்டாயம், டைல்ஸ் சில்லு கண்ணாடிச் சில்லுக்குச் சமம்.

கணக்கு_வாத்தி:
ப்ளக் நீளத்தைப் பத்தி யாரும் சொல்லல, மேடம் மொதல் பதிவுலயே கேட்டாங்க. டைல்ஸ் 8 மில்லி, கலவை ஒரு விரல் கனம்னா சுமார் 15, அதுக்குப் பின்னாடி சுவர் பூச்சு இன்னொரு 12லருந்து 15. ஆக செங்கல் ஆரம்பிக்கிறதே 35 மில்லிக்கு அப்புறம். கேபினட்டோட வந்த 30 மில்லி ப்ளக் செங்கலைக் கண்ணாலயே பாக்காது, கலவைக்குள்ளயே முடிஞ்சிடும். 60 மில்லிக்குக் குறையாத நைலான் ப்ளக் எடுங்க, சுத்தியால தட்டி டைல்ஸுக்கு உள்ள முழுசா இறக்கிடுங்க, ஸ்க்ரூவை நாலு சுத்து முறுக்கி ப்ளக் மேல நிக்க வச்சு அதோட தலையில தட்டினா உள்ள போயிடும். ப்ளக் விரியறது டைல்ஸுக்குள்ள நடந்தா அதுவே டைல்ஸைப் பொளந்துடும். பாதிப் பேர் வீட்ல டைல்ஸ் விரியறது துளை போடும்போது இல்ல, ஸ்க்ரூ முறுக்கும்போது. ப்ளக் இறங்கின ஆழத்தையும் ரெயில் கனத்தையும் சேத்து, ஸ்க்ரூ ப்ளக்கோட முனையைத் தாண்டற நீளத்துக்கு வாங்குங்க.

இந்த நைலான் ப்ளக்கைக் கண்டுபிடிச்சவர் ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர், 1958ல. நம்ம ஆளுங்க எந்தக் கம்பெனி ப்ளக்கையும் ஃபிஷர்னே கூப்பிடறது அதனாலதான்.

புது_வீட்டுக்காரன்:
நடுவுல வரேன் மன்னிக்கணும். எங்க வீட்ல துளை போட்டா தூள் வெள்ளை வெளேர்னு வருது, மாவு மாதிரி மெத்துனு. ஸ்க்ரூ முறுக்க முறுக்க ப்ளக்கே சேந்து சுத்துது.

ரசமட்டம்:
ஏஏசி பிளாக்கு தம்பி. தூளோட கலரே சொல்லிடும், செவப்புன்னா செங்கல், சாம்பல்னா சிமெண்ட் கான்கிரீட், வெள்ளையா பஞ்சு மாதிரின்னா ஏஏசி. அதுக்கு ஹேமர் கூடவே கூடாது, துளை பெருசாயிடும். ஏஏசிக்குன்னு பெரிய மரை போட்ட ப்ளக் தனியா விக்குது, அதைத்தான் போடணும், துளையும் அந்த பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்குத்தான். ஹாலோ பிளாக்குன்னா உள்ள பொந்து, ப்ளக் அந்தரத்துல தொங்கும், அதுக்கு வலைக் குழாய் வச்சு கெமிக்கல் ஆங்கர், அதான் உள்ள இறுகிப் பிடிக்கிற பிசின், ஊத்தணும். ஜிப்சம் போர்டு தடுப்புன்னா பின்னாடி இருக்கிற சேனலை, அதான் போர்டைத் தாங்குற இரும்புச் சட்டத்தை, தேடி அதுலதான் போடணும், வெறும் போர்டுல கண்ணாடிக் கேபினட் மாட்டாதீங்க.

ஈரச்சுவர்:
துளை போட்டாச்சு! டைல்ஸ் ஒண்ணும் ஆகல. செவப்புத் தூள் வந்தது. மொதல்ல உடைஞ்ச துண்டுல ஒரு துளை போட்டுப் பழகிட்டுத்தான் சுவர்ல கை வச்சேன். இப்ப ரெண்டு கேள்வி. துளைக்குள்ள தண்ணி போகாம என்ன பண்றது, அப்புறம் கேபினட்டைச் சுத்தி சிலிக்கான் அடிக்கணுமா?

பைப்லைன்:
ப்ளக் வைக்கறதுக்கு முன்ன துளையை ஊதி தூளை எடுத்துட்டு உள்ள கொஞ்சம் சிலிக்கான் விடுங்க, ப்ளக் இறங்கும்போது அது பிதுங்கி டைல்ஸுக்கும் ஓட்டைக்கும் நடுவுல அடைச்சுக்கும். ஷவர் பக்கத்துச் சுவர்னா இது ரொம்ப முக்கியம், வாட்டர்ப்ரூஃப் பூச்சு டைல்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கு, அதைத்தான் நீங்க குத்தியிருக்கீங்க.

சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. வினிகர் வாசம் அடிக்கிற ரகம் வேணாம், அது காயும்போது ஆசிட் விடும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற வெள்ளிப் பூச்சைத் தின்னும், ஓரத்துல கறுப்பு கறுப்பா வருதே அதுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்க்ரூவும் எஸ்எஸ் 304ஆ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்க, சாதா ஸ்க்ரூ பாத்ரூம்ல சீக்கிரமே அழுது வடியும், டைல்ஸ்ல செவப்புக் கோடு இறங்கும்.

ரசமட்டம்:
சுத்தி அடிக்கிறதைப் பத்தி: மேலயும் ரெண்டு பக்கமும் அடிங்க, கீழ அடிக்காதீங்க. எப்படியும் ஆவி பின்னாடி போய்த் தண்ணியாகும், அது இறங்கி வெளிய வர வழி வேணும். நாலு பக்கமும் அடைச்சிட்டா உள்ள நின்னு பூசணம் பிடிக்கும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செஞ்ச பலகை) கேபினட் வச்சிருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், முதுகு ஊதி கதவே மூடாது. அலுமினியம், டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை), பிவிசின்னா கவலை கம்மி.

சும்மா_வந்தேன்:
மேடம் சம்பந்தமில்லாம ஒண்ணு, மருந்து டப்பாவை பாத்ரூம்ல வைக்காதீங்க. ஈரமும் சூடும் மாத்திரைக்கு ஆகாது. அலமாரியில வைங்க.

ஈரச்சுவர்:
அட ஆமா, பெட்டி மேலயே குளிர்ந்த உலர்ந்த எடத்துல வைக்கவும்னு போட்டிருக்கு. மாத்திடறேன்.

கேபினட் ரெயில்ல தொங்கிடுச்சு, லெவல் சரியா இருக்கு. ஆனா கீழ் வலது மூலை மட்டும் சுவரை ஒட்டாம காயின் கனத்துக்கு ஆடுது, டைல்ஸ் ஒண்ணு கொஞ்சம் உள்வாங்கி இருக்கு போல. கீழ ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கி இழுத்துடலாமா?

ரசமட்டம்:
இழுக்காதீங்க. இழுத்தா பெட்டி முறுக்கிக்கும், கண்ணாடிக் கதவு கோணிப்போய் மூடாது, இல்லன்னா அந்த ஒத்த டைல்ஸ் மேல மொத்த பாரமும் வந்து விரியும். இடைவெளி இருக்கிற மூலையில பிளாஸ்டிக் வாஷர் ஒண்ணோ ரெண்டோ சொருகி ஆட்டம் நின்னதும் ஒரு சொட்டு சிலிக்கான் வச்சு விட்டுடுங்க. கீழ ஸ்க்ரூ போட்டே ஆகணும்னா அந்த வாஷரையே நடுவுல விட்டு, மெஷினைக் கீழ வச்சிட்டு கை ஸ்க்ரூடிரைவரால முறுக்குங்க, தலை தொட்டதும் கால் சுத்து, போதும்.

ஈரச்சுவர்:
வாஷர் வச்சதும் ஆட்டம் நின்னுடுச்சு. கதவு மட்டும் மூடினா தானா ஒரு விரக்கடை தொறந்துக்குது.

அரைகுறை_தச்சன்:
இது எனக்குத் தெரியும்! கீல்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கும் பாருங்க, ஒண்ணு கதவை இடது வலதா நகத்தும், இன்னொண்ணு உள்ள வெளிய. மேல் கீல்ல உள்ள வெளிய நகத்துறதை அரைச் சுத்து திருப்பி மூடிப் பாருங்க, சரியா வரலன்னா எதிர்ப்பக்கம் திருப்புங்க. கீழ் கீலை இப்போதைக்குத் தொடாதீங்க.

ஈரச்சுவர்:
மூடிக்கிச்சு. சிலிக்கான் அடிச்சிட்டேன், நாளைக்குக் காஞ்சதும் சாமானை உள்ள வைக்கிறேன்.

ரசமட்டம்:
கனமான பாட்டிலைக் கீழ்த் தட்டுல வைங்கம்மா.